வெந்த ரவை

ஆற்றைச் சுத்தம் பண்ண வந்த கம்பெனி முதலில் ஆம்பளைகளைத்தான் தண்ணீரில் இறக்கியது. வருசம் திரும்புவதற்குள் அத்தனை பேர் ரத்தமும் கம்பெனிச் சோதனையில் ஆபத்தென்று சிவப்பைக் காட்ட, ஒவ்வொருத்தராகக் கரையேறினார்கள். ஏறியவர்களில் பாதிப்பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். மிச்சப்பேர் கண்ணில் மஞ்சள் பூத்துக் கட்டிலில் கிடந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பொம்பளைகளை எடுத்தார்கள். அதிலும் கைக்குழந்தைக்காரியாகப் பார்த்து எடுத்தார்கள். ஆம்பளை தாங்காத தண்ணீரைப் பொம்பளை தாங்கினாள். எப்படித் தாங்குகிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பொம்பளைக்கு உசிர் கெட்டி என்று ஆதியிலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதில் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

மயிலாத்தாள் அப்படி இறங்கியவள். அவள் புருசன் முதல் கூட்டத்தோடு ஆற்றில் இறங்கி, முதல் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தவன். அவன் போகும்போது அவள் வயிற்றில் இருந்ததுதான் மகள் தேனு. பெற்ற உடம்பு காய்வதற்குள் கம்பெனி வாசலில் போய் நின்றாள். உடனே வேலை கொடுத்தார்கள். தடுப்பணைக்கு மேற்கே தகர வரிசையில் ஒரு அறை கொடுத்தார்கள். அறை வாசலில் குழாய் வைத்து, திருப்பினால் நல்ல தண்ணீர் வரும்படி செய்திருந்தார்கள். குடம் தூக்கி நாலு மைல் நடந்து பழகியவளுக்கு அந்தக் குழாய்தான் பெரிதாகத் தெரிந்தது. ரத்தம் மொத்தம் மூன்று தரம் சிவப்பைக் காட்டினால் வேலையும் அறையும் குழாயும் போய்விடும் என்றும் சொன்னார்கள். சரியென்று தலையாட்டினாள். வேறு எங்கே போவது? நொய்யல் கரையில் அந்த வரிசையைத் தாண்டினால் குடிக்கிற மாதிரி தண்ணீர் எங்கேயும் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஒரு இன்சினியர் அம்மா மணலில் நின்று பொம்பளைகளுக்கு விளக்கம் சொன்னாள். ஆற்றில் சாயமும் மருந்தும் ஓடுகிறது, கூடவே நாம் துவைத்த துணியிலிருந்து உதிர்ந்த பிளாஸ்டிக் தூளும் ஓடுகிறது என்றாள். விஷம் தண்ணீரோடு ஒட்டாது. எப்போதடா விட்டுப் போகலாம் என்று பார்த்துக்கொண்டே வரும். பிளாஸ்டிக்கைக் கண்டதும் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி போய்க் கட்டிக்கொள்ளும். அதனால் கம்பெனியே நன்றாகக் குடிக்கிற மாதிரி ஒரு தூளைச் செய்து ஆற்றுத் தலைப்பில் கொட்டுகிறது. தூள் வழியெல்லாம் விஷத்தைக் குடித்துக்கொண்டே வரும். தடுப்பணையில் நீங்கள் அரித்து எடுத்துவிட்டால் கீழே போவது வெறும் தண்ணீர். மூட்டையைக் கம்பெனி கொண்டுபோய் எரித்துவிடும்.

அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டிய தூள் வெள்ளையாக ரவை மாதிரி இருந்தது. துளசிமணி என்று ஒருத்தி, நாலாவது பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள், உப்புமா கிண்டின கைதானுங்க, அரிச்செடுத்தர்றோம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்கு ரவை என்றே பேர். மேலே கொட்டுவது வெள்ளை ரவை. விஷம் குடித்துப் பழுப்பேறிக் கீழே வந்து சேர்வது வெந்த ரவை.

குடிச்ச ரவை மறுபடியும் கக்கிப்போடாதுங்களா என்றும் துளசிமணிதான் கேட்டாள். தண்ணீரில் கக்கவே கக்காது என்றாள் இன்சினியர் அம்மா. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நிசம். தண்ணீரல்லாத இடத்தில் என்ன செய்யும் என்று கேட்க ஆளில்லை.

மாரளவு தண்ணீரில் நின்று செய்கிற வேலை அது. மூட்டை மாதிரி ஒரு வலையை ஓட்டத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். நிறைந்ததும் வாய்க்கயிற்றைப் பல்லில் கடித்து இறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வலையை முறுக்கிப் பிழிய வேண்டும். கயிற்றை விட்டால் அள்ளினது அத்தனையும் ஓட்டத்தோடு போய்விடும். கம்பெனி முகத்துக்கு மூடி கொடுத்திருந்தது. மூடியைப் போட்டுக்கொண்டு கயிற்றைக் கடிக்க முடியாது. அதனால் மூடிகள் எல்லாம் கரையில் வேலிமுள்ளில் காய்ந்தன. சாயங்காலம் வாயைக் கொப்பளித்தால் பல்லிடுக்கிலிருந்து பொடிப்பொடியாக வரும். வராததை விழுங்கியாகிவிட்டது.

கம்பெனிக்கு ஈரம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கரையிலேயே பால் அறை என்று ஒன்று கட்டியிருந்தார்கள். குளுகுளுவென்று காற்று வரும். தொட்டில்கள், பொம்மைகள், சாய்ந்து உட்காரப் பஞ்சு மெத்தை. வேலை நேரத்திலேயே மணி அடித்துத் தாய்களைக் கரையேற்றிப் பால் கொடுக்க அனுப்புவார்கள். நர்சு வந்து சத்துமாவு உருண்டை கொடுத்து, கொடுக்கக் கொடுக்கத்தான் ஊறும், நல்லாக் கொடுங்க என்பாள். மேஸ்திரி எதற்காவது அவசரப்படுத்தினால் அவனை அவள் திட்டுவாள். இப்படி ஒரு முதலாளியை எங்கும் பார்த்ததில்லை என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள்.

தேனு அந்த அறையில் வளர்ந்தாள். வளர்ந்தாள் என்று சொல்வதற்கில்லை, கிடந்தாள். வருசமாகியும் தலை சரியாக நிற்கவில்லை. கையைத் தட்டினாலும் திரும்பிப் பார்க்காது. பாலைக் குடிக்கும், தூங்கும். சமத்துப் புள்ளை என்று மற்றவர்கள் மெச்சினார்கள். பிறகு பல் முளைத்து, கடித்துக் கடித்து மார் புண்ணானபோது, மயிலாத்தாள் காம்பில் வேப்பெண்ணெயைத் தடவிப் பால் மறக்கடித்தாள். கஞ்சிக்கு மாறின கொஞ்ச நாளில் பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது. அங்காளம்மனுக்கு நேர்ந்த சேவல் வேலை செய்துவிட்டது என்று மயிலாத்தாள் நம்பினாள்.

பிள்ளை நிற்க நிற்க, தாயின் விளக்கு இறங்கியது. கம்பெனி வாசலில் பலகை ஒன்று உண்டு. ஒவ்வொருத்தி பேருக்கு நேராகவும் ஒரு விளக்கு. மாசாமாசம் ஊசி போட்டு ரத்தம் எடுத்ததும் நிறம் மாறும். இத்தனை நாளும் மயிலாத்தாளுக்குப் பச்சைதான் எரிந்தது. பால் மறக்கடித்த பிறகு மஞ்சளாயிற்று. பிறகு சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. இன்னும் ஒன்று வந்தால் தகர அறையைக் காலி பண்ண வேண்டும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கரூர்ப் பக்கத்திலிருந்து வடிவு வந்தாள். சின்னப் பெண். வாய் அதிகம் பேசாது. அவளுக்குப் பக்கத்து அறை கொடுத்தார்கள். இடுப்பில் மூன்று மாசத்துப் பையன், கவின் என்று பேர். முதல் நாள் பால் அறையில் எல்லோரும் மாராப்பை விலக்கினபோது வடிவு மட்டும் புட்டியில் கஞ்சித் தண்ணீரை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பால் ஊறவில்லையாம். பையன் வீல் வீலென்று கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டதும் மயிலாத்தாளுக்கு மார் விண்ணென்று தெறித்தது. வற்றிவிட்டது என்று நினைத்த பால் ரவிக்கையை நனைத்தது. வடிவு என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள் பையனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பால் ஊற ஊற அவன் ஊறினதையெல்லாம் குடித்தான்.

அடுத்த ஊசியில் மயிலாத்தாளுக்கு மஞ்சள் வந்தது. அதற்கடுத்ததில் பச்சை. அன்றைக்குப் பால் அறை அல்லோலகல்லோலப்பட்டது. அடுத்தவள் பிள்ளைக்கு மடி கொடுத்த புண்ணியம் ரத்தத்தைக் கழுவிவிட்டது என்று துளசிமணி தீர்ப்புச் சொன்னாள். பால் மறக்கடித்து மஞ்சளில் நின்றவர்கள் எல்லாம் புண்ணியத்துக்கு அலைந்தார்கள். ஒருத்தி நாத்தனார் பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி சந்தையில் பிச்சையெடுக்கிறவளிடம் பிள்ளையைக் கேட்கப் போய்ச் செருப்படி வாங்கி வந்தாள். நாலைந்து பேர் வடிவிடம் கவினைக் கொஞ்ச நேரம் கொடு என்று கெஞ்சினார்கள். வடிவு மயிலாத்தாளைத் தவிர யாரிடமும் கொடுக்கவில்லை. புண்ணியத்தப் பிச்சை போடறதுக்கும் ஆளப் பாத்துத்தான் போடுவாளாட்ட என்று துளசிமணி குத்திக்காட்டினாள். வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

வரும்போது கத்தின பையன் கத்துவதை விட்டான். குடித்தான், தூங்கினான். தொட்டிலுக்கு மேல் கிலுகிலுப்பையை ஆட்டினால் முன்பெல்லாம் கண் அதன் பின்னாலேயே போகும். இப்போது போகவில்லை. சமத்து என்றார்கள்.

ரத்தம் எடுக்கிறவன் கிங்ஸ்லி என்று நாகர்கோவில் பக்கத்துப் பையன். ஒருநாள் மதியம் பம்பு ரூம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மயிலாத்தாள் அவனிடம் ஒரு சேதி கேட்கப் போனாள். கவினுக்குப் பல் முளைக்கப்போகிறது, அவனும் பால் மறந்துவிட்டால் தன் புண்ணியம் நின்றுபோகுமா, வேறு பிள்ளை பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். கிங்ஸ்லிக்குச் சிரிப்பில் சோறு புரையேறியது.

"புண்ணியமா? நீங்க வெவரம் தெரிஞ்சுதான் செய்றீங்கன்னுல்லா நெனச்சேன். சரியான கெட்டிக்காரின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்க்கா."

"என்ன வெவரமுங்க?"

அவன் சாப்பிட்டு முடித்த பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினான். குழம்பின் மஞ்சள் அடியில் பிடித்திருந்தது.

"இத எத்தன தண்ணில கழுவினாலும் போகாது. நாலு சொட்டு எண்ணெ விட்டுத் தேய்ங்க, கழண்டு வந்துரும். ரவையும் அப்படித்தான். ஆத்துல கக்காது. நீங்க முழுங்கினது வயித்துக்குள்ள போயி, எண்ணெப்பச கண்ட எடத்துல கக்கிரும். அப்புறம் அது ஒடம்புக் கொழுப்புலதான் குடியிருக்கும். மூத்திரத்துல போகாது, வேர்வைல போகாது. வெளிய வர ஒரே வாசல்தான். ஆம்பளைக்கு அந்த வாசல் இல்ல."

அவன் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் சொன்னான்.

"பால்ல எண்ணெ இருக்குல்லக்கா."

கம்பெனிக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"பால் அறைய கட்டினதே கம்பெனிதான?"

கறந்து கீழே ஊற்றிவிட்டால் ஆகாதா என்று கேட்டாள். அதற்கு மெசின் இருக்கிறது, நானே ஒருதரம் மேலே கேட்டுப் பார்த்தேன் என்றான் அவன். மெசின் வாங்கினால் எதற்கு என்று எழுத வேண்டும், எழுதினால் பாலில் என்ன இருக்கிறது என்று கோர்ட்டில் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் எதற்கு என்று யார் கேட்கப்போகிறார்கள்? டப்பாவைக் கழுவிக்கொண்டே, நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், எனக்கும் வீட்டில் கஷ்டம் என்றான்.

அவள் கரைக்குத் திரும்பி வலையை எடுத்தாள். தேனு தலை நிற்காமல் கிடந்த மாசங்களும், தன் பேருக்குப் பச்சை எரிந்த மாசங்களும் ஒரே மாசங்கள் என்று புரிந்தபோது பல்லில் கடித்திருந்த கயிறு நழுவி, அள்ளினது அத்தனையும் ஆற்றோடு போனது. மேஸ்திரி தாயை இழுத்துத் திட்டினான். அது அவள் காதில் ஏறவில்லை.

அன்றே பாலை நிறுத்தினாள். காய்ச்சல் என்று வடிவிடம் பொய் சொன்னாள், பிறகு மாரில் கட்டி என்றாள். குளிக்கிற மறைப்புக்குள் நின்று கையால் பிழிந்து பார்த்தாள். கையில் ஈரம் பட்டதோடு சரி. பிள்ளை வாய் பட்டால் ஓடுகிற பால் கைக்கு இறங்க மாட்டேனென்றது. மார் கல்லாகி, எரிந்து காந்தி, ஒரு வாரத்தில் தானாக அடங்கியது. வடிவு மறுபடியும் புட்டியும் கஞ்சியுமாகத் திண்டாடினாள். ஆனால் பிள்ளை தேறிவிட்டான். கண்ணில் ஒளி வந்தது. தகரத்தில் மழை விழுந்தால் திரும்பிப் பார்த்தான். ஒருநாள் அடுத்த அறையிலிருந்து அவன் கெக்கலி போட்டுச் சிரித்தது மயிலாத்தாளுக்குக் கேட்டது. தேனுவைக் கட்டிக்கொண்டு, நானொரு உசிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அழுதாள். அந்தச் சந்தோசம் அடுத்த ஊசி வரைக்கும் இருந்தது.

விளக்கு மஞ்சளாயிற்று.

அடுத்தது சிவப்புத்தான், அதுவும் மூன்றாவது சிவப்பு. அந்த வாரத்தில் வரிசையின் கடைசி அறைக்காரி மூன்று சிவப்பு வாங்கிச் சாமானோடு வெளியேறினாள். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாய், சட்டி, இரண்டு பிள்ளைகள். ஊருக்கு வெளியே பாலத்தடியில் போய் உட்கார்ந்தாள். அங்கே இருப்பது அணைக்கு மேல் தண்ணீர், அரிக்காத தண்ணீர். சின்னது வயிற்றால் போய்ச் செத்தது. பெரியது சாவதற்குள் அவள் எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மயிலாத்தாள் பாலத்தடிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வரும் வழியில் தேனு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்போதுதான் தடுக்காமல் நடக்கப் பழகியிருந்தாள்.

மறுநாள் மணி அடித்ததும் மயிலாத்தாள் கரையேறிப் பால் அறைக்குப் போனாள். வடிவு புட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மயிலாத்தாள் மெத்தையில் போய்ச் சாய்ந்து கையை நீட்டினாள்.

"கட்டி ஆறிப்போச்சு. இங்க குடு பையனை."

வடிவுக்கு முகம் மலர்ந்தது. ஆனாலும் உடனே கொடுக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள். இத்தனை மாசத்தில் அவள் அவ்வளவு பேசி மயிலாத்தாள் கேட்டதில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுப்போட்டனுங்க. எனக்குப் பால் ஊறாம இல்ல. மல்லிப்பூவ மார்ல வெச்சுக் கட்டி நானேதான் வத்த வெச்சேன். கீழ் அணையில வேல செய்யறப்ப, மூத்தவன் வயித்துல இருக்கறப்பவே எனக்குச் செவப்பு லைட்டு. பொறந்ததும் அவனுக்குக் குடுத்தனுங்க. குடிச்சுக் குடிச்சே தூங்குனான். ஒருநா எந்திரிக்கல. டாக்டரு என்னென்னமோ சொன்னாங்க. எனக்கென்னமோ எம் பால்தான்னு தோணிப்போச்சு. அதுதான் இவனை எம் மார்லயே போடல."

மயிலாத்தாள் நீட்டின கையை மடியில் இறக்கிக்கொண்டாள்.

"மொத நாளு நீங்க வாங்கினப்பப் பயந்துட்டனுங்க. பொறவு உங்க லைட்டு மஞ்சளாச்சு, பச்சையாச்சு. அதுக்கப்புறந்தான் நெஞ்சு ஆறுச்சு. ஒட்டுக்கா எல்லாரும் கேட்டாங்க, குடுக்கல. பச்சைக்காரி பால் சுத்தமான பாலு. இப்ப ஒடம்பு முடியாம மஞ்சளுக்குப் போயிட்டீங்க. ஆனா செவப்பில்லீங்களே அக்கா? குடுக்கலாமுங்களா?"

அவள் கண் மயிலாத்தாளின் வாயையே பார்த்தது. வேண்டாம் என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பாலத்தடி இருந்தது. பச்சை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். கவின் கண் மங்கினது யாரால் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைக் கேட்டபின் இந்த வரிசையில் எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் தர மாட்டாள்.

"குடுக்கலாம் கண்ணு" என்றாள் மயிலாத்தாள். "மஞ்சள் ஒண்ணும் பண்ணாது."

வடிவு பையனை மடியில் போட்டாள். அவன் மயிலாத்தாளை அடையாளம் கண்டுகொண்டு பொக்கை வாயால் சிரித்தான். கையை நீட்டி அவள் கம்மலைப் பிடித்தான். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு, முகத்தை மாரோடு சேர்த்தாள். கொஞ்ச நேரம் வறட்டுக்கு இழுத்தான். பிறகு தெறித்து இறங்கியது. பாரம் குறைவது அவளுக்கே தெரிந்தது.

அறைக்கு அந்தப் பக்கம் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்த தேனு பார்த்துவிட்டாள். அவள் மறந்த மடியில் இன்னொருத்தன் படுத்திருந்தான். பொம்மையைப் போட்டுவிட்டுத் தத்தித் தத்தி ஓடிவந்து, கவினைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கத்து மாராப்பைப் பிடித்து இழுத்து வாயை வைக்கப் போனாள். மயிலாத்தாள் கையை ஓங்கிக் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிள்ளை மல்லாந்து விழுந்தது. எழுந்து மறுபடி வந்தது. மறுபடியும் அடித்தாள். ஐந்து விரலும் பதிந்தது.

அறையே திரும்பிப் பார்த்தது. துளசிமணிக்குக்கூட அன்றைக்குக் கேலி வரவில்லை.

"பெத்தத அடிச்சுத் தள்ளிப்போட்டு ஊரான் புள்ளைக்கு மடியக் குடுக்கறா பாருங்க. நாமெல்லாம் என்னத்துக்குப் புள்ள பெத்தமோ" என்றாள்.

நர்சு ஆமாம் என்று தலையாட்டி, சத்துமாவு உருண்டை இரண்டை மயிலாத்தாள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விக்கி விக்கி அழுகிற தேனுவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அம்மா தம்பிக்குக் குடுக்கட்டும் சாமி, நாம வேடிக்கை பாக்கப் போலாம் என்று சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

கவின் இழுப்பதை நிறுத்தினான். கண் சொருகியிருந்தது. மயிலாத்தாள் விரலால் அவன் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பினாள். எழுந்ததும் மறு பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள்.